முருகைக்கல் கல்லன்று

நெடுந்தீவின் மதில்களிலே முருகைக்கற்களைக் கண்ட பெற்றோர் நம்மிடையே உளர். அவை வெறுங் கற்களல்ல. மூளையற்ற சிற்றுயிர்கள் தலைமுறை தலைமுறையாகச் சுண்ணாம்பினால் எழுப்பிய கூடுகள். ஊரில் ஆசிரியராயிருந்த காலத்தில் நாமும் இவற்றைக் 'கீழ்நிலை விலங்குகள்' என்றே கற்பித்தோம். அவ்வாறு இகழ்தல் தகாதென்பதே இன்று எமது கருத்து.

முருகையின் உடலுள் வாழும் நுண்ணிய பாசிகளே அதற்குப் பெரும்பங்கு உணவளிக்கின்றன. கடல் அளவுக்கு மிஞ்சி வெப்பமுற்றால் பாசிகள் நீங்கும், முருகை வெளிறும். 1998இல் இலங்கைக் கடலிலும் இது நேர்ந்தது. வெளிறுதல் இறப்பன்று. வெப்பம் விரைவில் தணிந்தால் முருகை தேறும். நீடித்தால் பட்டினியால் மடியும்.

மாணவச் செல்வங்களே! உயிருள்ள முருகையை மிதியாதீர். ஒடித்து வீட்டுக்குக் கொணராதீர். பெற்றோரே! ஊர் செல்லுங்கால் அம்மதிலைப் பிள்ளைகளுக்குக் காட்டி, அது உயிர்கள் கட்டிய வீடென்று தமிழிலே சொல்லுங்கள்.