மான் இந்தப் பக்கம் வந்ததா?

ஒன்ராறியோவில் இலையுதிர்காலம் தொடங்கினால் மான் வேட்டைக்காரருக்குள் ஒரு பழைய வாக்குவாதமும் தொடங்கிவிடும். குறொஸ்போ எண்டு சொல்லுற குறுக்குவில்லுக்கு எந்த அம்புமுனை நல்லது? கத்தி எப்போதும் வெளியில் நிற்கிற நிலைமுனையா, பறக்கும்போது மடங்கியிருந்து உடம்பில் பட்டவுடன் விரிகிற விரிமுனையா? அங்கே லைசென்ஸ் எடுத்து வேட்டைக்குப் போகிறவர்களில் எங்கட ஆக்களும் இருக்கினம். அந்த வீடியோக்களை யாழ்ப்பாணத்தில் இருந்து பார்க்கிற பெடியள் சிலர், "உது எங்கட வன்னிக் காட்டுக்குச் சரிவருமோ?" எண்டு கேட்கிறாங்கள். சரிவராது என்பதுதான் எங்கள் பதில். ஆனால் அந்தக் கத்திச் சண்டையில் நாங்கள் படிக்க வேண்டிய ஒரு விசயம் இருக்கு.

முதலில் சண்டை என்ன எண்டு பார்ப்போம். அம்பு துவக்குக் குண்டு மாதிரி இல்லை. அது வெட்டும், இரத்தம் போய்த்தான் மிருகம் சாகும். நெஞ்சறையில் சுவாசப்பையை ஊடறுத்தால் மான் கொஞ்சத் தூரம் ஓடி, சில செக்கன்களில் விழுந்துவிடும். வயிற்றில் பட்டால் சாக மணித்தியாலக் கணக்காகும். ஆகவே வெட்டு எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம் என்பதில்தான் எல்லாம் இருக்கு.

நிலைமுனையில் அசையும் பாகம் ஒன்றுமில்லை, பழுதாகவும் ஒன்றுமில்லை. எலும்பில் பட்டாலும் தாங்கி உள்ளே போகும். ஆனால் வெளியில் நிற்கிற கத்தி காற்றைப் பிடிக்கும். இன்றைய குறுக்குவில்லுகள் பல அம்பைச் செக்கனுக்கு 350, 400 அடி வேகத்தில் விடுகின்றன. அந்த வேகத்தில் முனை கொஞ்சம் பிசகினாலும் அம்பு பாதை மாறிப்போகும். விரிமுனை நேராகப் பறக்கும், பட்டவுடன் விரிந்து இரண்டு அங்குலம் வரை வெட்டும். ஆனால் விரியிறதுக்கே கொஞ்சச் சக்தி செலவாகும். சரிவாகப் பட்டாலோ தோள் எலும்பில் பட்டாலோ ஆழமாகப் போகாமல் நின்றுவிடலாம். சிலவேளை பறக்கும்போதே விரிந்து அம்பைத் திருப்பிவிடும்.

இதுக்கு ஒரு கணக்கும் இருக்கு. அமெரிக்காவின் மேரிலாண்டில், இந்தியன் ஹெட் என்ற கடற்படைத் தளத்தில், அம்பு பட்ட ஒவ்வொரு மானையும் இருபது வருசத்துக்கு மேலாகப் பதிந்து வந்தார்கள். நிலைமுனை பட்ட 1,066 மான்களில் 874 கிடைத்தன. விரிமுனை பட்ட 230 மான்களில் 209 கிடைத்தன. நூற்றுக்கு 82, நூற்றுக்கு 91. வேகமான வில்லும் நல்ல கையும் இருந்தால் விரிமுனையைக் குறை சொல்ல ஏலாது. வில்லின் பலம் குறைந்தால் நிலைமுனைதான் நம்பிக்கை. எங்களிட்டக் கேட்டால் இவ்வளவுதான் சொல்லுவோம்.

ஆனால் அந்தக் கணக்கை மறுபக்கம் திருப்பிப் பாருங்கோ. நல்லது எண்ட முனையிலும் நூற்றுக்கு ஒன்பது மான் அம்போடு ஓடிப்போய்க் கிடைக்கவேயில்லை. எந்தக் கத்தி வாங்கினாலும் அந்த ஒன்பது இருக்கும். அதனால்தான் அந்த நாடுகள் கத்தியோடு விசயத்தை விடவில்லை. ஒன்ராறியோவில் பயிற்சி வகுப்பு முடிக்காமல் லைசென்ஸ் இல்லை. அம்புமுனை குறைந்தது 22 மில்லிமீற்றர் அகலம் இருக்க வேணும். காயப்பட்டு ஓடின மிருகத்தைத் தேடிப்போய் முடிக்க இயன்ற எல்லா முயற்சியும் எடுப்பது வேட்டைக்காரரின் சட்டக் கடமை. பிரித்தானியா இன்னும் ஒரு படி மேலே போய், காட்டு விலங்கை வில்லாலோ குறுக்குவில்லாலோ கொல்வதையே 1981ஆம் ஆண்டுச் சட்டத்தில் தடுத்துவிட்டது.

காயப்பட்ட மானைத் தேடிப்போவது எங்களுக்குப் புது விசயம் இல்லை. அகப்பொருள் இலக்கணத்தில் 'கெடுதி வினாதல்' என்று ஒரு துறையே இருக்கு. தலைவியைப் பார்க்க வருகிற தலைவன், நான் எய்த யானை வந்ததா, மான் வந்ததா எண்டு கேட்டு நிற்பான். 'வள்ளி திருமணம்' நாடகத்தில் வேடன் வேசத்தில் வருகிற முருகன் வள்ளியிடம் கேட்பதும் அதைத்தான். அது காதலுக்கு ஒரு சாட்டு என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்தச் சாட்டு எடுபடுவதற்குக் காரணம், எய்தவன் தேடி வருவான் எண்டு ஊர் நம்பினதுதான்.

இப்ப ஆனையிறவுக்கு அங்கால் என்ன நடக்குது? கிளிநொச்சி, முல்லைத்தீவுக் காடுகளில் இன்று மானையும் மரையையும் கொல்லுறதுக்கு ஆள் நிற்க வேண்டிய தேவையே இல்லை. பிறேக் கேபிளிலும் கம்பியிலும் சுருக்குப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். மிருகம் போகிற பாதையில் கட்டுத்துவக்கை வைத்து, குறுக்கே நூலை இழுத்துவிட்டால் போதும். நூலில் தட்டுறது மானா, பன்றியா, விறகு எடுக்கப் போன மனுசனா எண்டு துவக்குக்குத் தெரியாது. பன்றிக்கு எண்டு தீனுக்குள் வைக்கிற வெடியைக் கடித்து, வாய் சிதறி, தின்ன ஏலாமல் பட்டினி கிடந்து சாகிற யானைக்குட்டிகள் இந்த நாடு முழுக்க இருக்கு. 2020 மே மாதத்தில் மஸ்கெலியா, நல்லதண்ணியில் சுருக்கில் மாட்டிச் செத்த கருஞ்சிறுத்தையை நினைவிருக்கும். அதுக்கெண்டு யாரும் அந்தச் சுருக்கைப் போடவில்லை.

"அப்ப குறுக்குவில் நல்லதுதானே, ஆள் பார்த்துத்தானே எய்யிறான்" எண்டு ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் சட்டப்படி இங்கே மானை எதால் கொன்றாலும் குற்றம். 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் அதைத்தான் சொல்லுது. இறைச்சியை விற்பதும் குற்றம். சட்டத்தை விடுங்கோ. ஒழிச்சு வேட்டையாடுறவன் காயப்பட்ட மானுக்குப் பின்னால் விடியும்வரை ரோர்ச் அடித்துக்கொண்டு போவானா? வாகனச் சத்தம் கேட்டால் விட்டிட்டு ஓடுவான். மேரிலாண்டில் நூற்றுக்கு ஒன்பதாக இருந்தது இங்கே எத்தனையாகும்? எண்ணுறதுக்கு ஆளே இருக்காது. எத்தனை மான் மிச்சம் இருக்கு, எந்த மாதம் குட்டி ஈனுது எண்டு பார்த்து அனுமதி குடுக்கிற ஏற்பாடு ஒன்றும் இல்லாத இடத்தில், நல்ல கத்தி இன்னொரு சுருக்குத்தான்.

"எங்கட அப்புமார் வேட்டையாடித்தானே சாப்பிட்டவை" எண்டும் சொல்லுவினம். உண்மைதான். அவை காட்டோரம் இருந்து, தங்கட சட்டிக்கு வேட்டையாடினவை. இன்றைக்குச் சுருக்குப் போடுறவனில் பலர் தன்ர சட்டிக்குப் போடவில்லை. பன்றியால் பயிர் அழியிற கமக்காரரின் பிரச்சினை வேறு. அதுக்கு நட்டஈடும் வேலியும் கேட்டு நாங்களும் சேர்ந்து நிற்க வேணும். மான் இறைச்சி அந்தக் கணக்கில் வராது. அது விருந்துக் கணக்கு. வெளிநாட்டிலிருந்து ஆக்கள் வந்தால், "மான் இறைச்சி எடுக்கலாமோ, மரை வத்தல் கிடைக்குமோ" எண்டு குடாநாட்டு வீடுகளில் இருந்து போகிற தொலைபேசி அழைப்புத்தான் அந்தக் கம்பியை இறுக்குது.

ஆகவே எந்த முனை நல்லது எண்டு கேட்கிற தம்பிமாருக்கு நாங்கள் சொல்லுறது இது. ஒன்ராறியோவில் இருந்தால் படியுங்கோ, பழகுங்கோ, எய்தால் தேடிப்போங்கோ. இங்கே இருந்தால் கத்தியை விடுங்கோ. அடுத்த விருந்துக்கு யாராவது மான் இறைச்சி எடுக்கட்டோ எண்டு கேட்டால், வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. காட்டில் ஒரு சுருக்காவது அவிழும்.