‘ஒத்துழையாத நோயாளி’ என்று ஒருவர் இல்லை

ஒரு சொல்லைப் பிழையாகத் தெரிந்தெடுத்தால் யாருக்கு என்ன கேடு விளையும் என்பதை ஈழத்துப் பத்திரிகையாளர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ‘காணாமற்போனோர்’ என்று எழுதுவதா, ‘காணாமலாக்கப்பட்டோர்’ என்று எழுதுவதா என்பது எங்கள் செய்தியறைகளில் வெறும் இலக்கணப் பிரச்சினையாக ஒருபோதும் இருந்ததில்லை. முதலாவது சொல்லின்படி, திருவிழாக் கூட்டத்தில் வழிதவறிய பிள்ளையைப் போல அவர் தாமாகவே போய்விட்டார். இரண்டாவது சொல்லில் ஆக்கியவர் ஒருவர் இருக்கிறார். அவரைத் தேடவேண்டிய கடமையும் இருக்கிறது.

இவ்வளவு விழிப்போடு சொற்களை நிறுத்துப் பார்க்கின்ற நாம், வைத்தியசாலை வாசலில் அந்தத் தராசை விட்டுவிட்டே உள்ளே செல்கிறோம். அங்கே ‘ஒத்துழையாத நோயாளி’ என்றொரு சொற்றொடர் உலவுகிறது. மருந்தை ஒழுங்காக எடுக்காதவர், கிளினிக்குக்கு வராதவர், சொன்ன உணவுமுறையைப் பின்பற்றாதவர் எல்லோருக்கும் அதே முத்திரைதான். விடுதியில் வாய்மொழியாக வழங்கும் இச்சொல் ஆய்வுக் கட்டுரையில் ஏறி, வினாக்கொத்தாகி, சதவீதமாகி, ‘கண்டுபிடிப்பு’ என்ற மகுடத்தோடு மீண்டும் விடுதிக்கே திரும்பி வருகிறது. தாதியியல் ஆராய்ச்சியின் முதற்கடமை எண்ணுவதன்று. எண்ணப்படுவது எதுவென்று தெளிவுபடுத்துவதே என்பது என் வாதம்.

இச்சொல்லின் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம். 1970களில் சக்கெற், ஹெய்ன்ஸ் ஆகிய மருத்துவ ஆய்வாளர்கள், நோயாளியின் நடத்தை மருத்துவ ஆலோசனையோடு எந்த அளவுக்குப் பொருந்துகிறது என்பதையே ‘கீழ்ப்படிவு’ என்று வரையறுத்தனர். 1973இல் அமெரிக்காவின் செயின்ற் லூயிஸ் நகரில் கூடிய தாதியர் தமக்கென நோயறிதற் பட்டியலொன்றைத் தொகுக்கத் தொடங்கினர். கீழ்ப்படியாமையும் அப்பட்டியலில் ஒரு நோயறிதலாக இடம்பிடித்தது. கட்டளைக்கும் நடத்தைக்கும் இடையிலுள்ள தூரம் நோயாளியின் குணத்திலுள்ள ஒரு குறையாக மாறியது இவ்விதமே.

கூலிவேலை செய்யும் ஒரு பெண் நீரிழிவு மாத்திரையைத் தவறவிடுகிறார் என்று கொள்வோம். கிளினிக்குக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும், பஸ்ஸுக்கும் காசில்லை என்பது காரணமாக இருக்கலாம். மாத்திரை எடுத்தால் தலை சுற்றுகிறது, வயலில் நிற்க முடியவில்லை என்பது காரணமாக இருக்கலாம். உடம்பு சுகமாக இருக்கும்போதும் நோய் உள்ளே இருக்கும் என்பதை எவரும் அவருக்கு விளங்கும்படி சொல்லாதிருந்திருக்கலாம். அன்றி, எல்லாவற்றையும் யோசித்து ‘எனக்கு வேண்டாம்’ என்று அவரே தீர்மானித்திருக்கலாம். வெளிப்பார்வைக்கு நான்கும் ஒரே நடத்தை. அனுபவமோ நான்கு. தாதி செய்யவேண்டியதும் நான்கு வேறு காரியங்கள். ஒரே பெயரிட்டு நான்கையும் ஒரே பெட்டியில் அடைத்தபின் அப்பெட்டியை எவ்வளவு நுட்பமாக அளந்தும் என்ன பயன்?

மேலைநாடுகளில் இந்தத் தவறு உணரப்படாமல் இல்லை. 1997இல் பிரித்தானியாவின் அரச மருந்தாளர் சங்கம், கீழ்ப்படிவை விடுத்து மருத்துவரும் நோயாளியும் எட்டும் ‘உடன்பாடு’ பற்றிப் பேசவேண்டும் என்றது. உலக சுகாதார நிறுவனம் 2003இல் வெளியிட்ட அறிக்கை ‘கடைப்பிடிப்பு’ என்ற சொல்லைக் கைக்கொண்டது. வளர்ச்சியடைந்த நாடுகளிலேயே நீண்டகால நோயாளரில் ஏறத்தாழ அரைவாசிப் பேர்தான் சிகிச்சையைக் கடைப்பிடிக்கின்றனர் என்றும், இதற்கான காரணங்களை ஐந்து தளங்களில் தேடவேண்டும் என்றும் அவ்வறிக்கை கூறிற்று. சமூக பொருளாதார நிலை, சுகாதார அமைப்பு, நோயின் தன்மை, சிகிச்சையின் தன்மை, நோயாளி என்பனவே அந்த ஐந்து. நோயாளி ஐந்தில் ஒருவர் மாத்திரமே. நம்மவர் வாயில் இன்னமும் அவர் ஒருவரே குற்றவாளி.

வலியின் கதையும் இதுவே. வலி என்பது அதை அனுபவிப்பவர் எதுவென்று சொல்கிறாரோ அதுதான் என்ற கருத்தை மார்கோ மக்கஃபெரி என்ற அமெரிக்கத் தாதி 1968இலேயே முன்வைத்தார். தாதியின் ஐயத்தைவிட நோயாளியின் வாக்குமூலத்துக்கு மதிப்புக் கொடுத்த அந்த வரையறை ஒரு சிறு புரட்சி. ஆனால் பேச முடியாதவர் என்ன செய்வார்? மயக்கத்தில் கிடப்பவரும், பச்சைக் குழந்தையும், மறதி நோயுற்ற முதியவரும் எதைச் சொல்வார்கள்? வலி பற்றிய ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் தனது 1979ஆம் ஆண்டு வரையறையை 2020இல் திருத்தியபோது, சொல்லால் கூறுவது வலியை வெளிப்படுத்தும் வழிகளுள் ஒன்று மட்டுமே என்றும், சொல்ல இயலாமை வலியின்மைக்குச் சான்றாகாது என்றும் குறிப்பெழுதியது. அனுபவம் வேறு, அதை வெளிக்காட்டும் நடத்தை வேறு என்பதே இதன் சாரம்.

இந்த வேறுபாட்டை ஆழமாக எடுத்துச் சென்றவர்களுள் ஜனிஸ் மோர்ஸ் முக்கியமானவர். தாதியியலோடு மானிடவியலும் கற்ற அவர், பிரசவ வலியின்போது பெண்கள் நடந்துகொள்ளும் விதம் பண்பாட்டோடு எவ்வாறு மாறுகிறது என்பதை பீஜித் தீவில் ஆராய்ந்தவர். பின்னர் நோயாளரையும் அவர்தம் உறவினரையும் நீண்டகாலம் அவதானித்து, துன்பத்தில் இரு நிலைகளைப் பிரித்துக் காட்டினார். ஒன்று சகித்து நிற்றல்: உணர்ச்சியை அடக்கி, முகம் இறுகி, அடுத்த கணத்தைக் கடப்பதிலேயே கருத்தாக இருக்கும் நிலை. மற்றது துயரில் கரைதல்: அழுகையும் புலம்பலுமாக உணர்ச்சி வெளியே பெருகும் நிலை. கரைபவரின் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லலாம். சகித்து நிற்பவரிடம் அதையே செய்தால், அவர் பற்றிக்கொண்டிருக்கும் ஒரேயொரு பிடியையும் நாம் உதறிவிட்டவர்களாவோம்.

போரையும் இடப்பெயர்வையும் கடந்த நமது சமூகத்தில் சகித்து நிற்கும் தாய்மார் எத்தனை பேர்! அழாததால் அவருக்குத் துன்பமில்லை என்றும், கேட்டதற்கு மறுமொழி சொல்லாததால் ஒத்துழைக்கவில்லை என்றும் எழுதுவது அறியாமை மட்டுமன்று, அநீதியும் ஆகும்.

‘ஒரு தாதி எத்தனையோ பேரைப் பார்க்கவேண்டியிருக்கிறது; தத்துவ விசாரணைக்கு நேரமேது?’ என்று கேட்பவர்கள் உண்டு. தாதியரின் வேலைச்சுமை உண்மையானது. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் நேரம் அரிது என்பதனாலேயே பிழையான சொல்லுக்கு இடங்கொடுக்க முடியாது. பஸ் காசில்லாதவருக்கு மாத்திரையின் மகிமை பற்றி அரைமணி நேரம் போதிப்பதைவிடப் பெரிய நேரவிரயம் வேறென்ன?

மறுபுறத்தில், கருத்தாக்கத் தெளிவு என்ற பெயரில் நடக்கும் கூத்தையும் கண்டிக்கவே வேண்டும். ஜோன் வில்சன் என்ற ஆங்கிலேயர் 1963இல் ஒரு நூலில் விளக்கிய முறையை வோக்கரும் அவன்ற்றும் 1980களில் தாதியியலுக்காக எட்டுப் படிகளாகச் சுருக்கினர். கற்பிப்பதற்கு நல்ல ஏணிதான். ஆனால் அகராதியைப் புரட்டி, பழைய கட்டுரைகளைச் சேர்த்து, ‘மாதிரி நோயாளி’ ஒருவரைக் கற்பனையில் படைத்து, அவரிடமிருந்தே பண்புகளைக் கண்டெடுத்ததாக எழுதுவதற்கும் அது வழிவிட்டது. நோயாளியின் முகத்தைப் பாராமலே நோயாளியின் அனுபவத்தை வரையறுத்துவிடலாம் என்ற இம்மயக்கம், எண்ணிக்கை மோகத்துக்குச் சற்றும் குறைந்ததன்று. மோர்ஸும் இவ்வாறான மேலோட்டமான பகுப்பாய்வுகளைக் கடுமையாக விமர்சித்தவரே.

தமிழில் இச்சிக்கல் இரட்டிப்பாகிறது. 1848இல் மானிப்பாயில் மருத்துவக் கல்வியைத் தொடங்கிய மருத்துவர் சாமுவேல் கிறீன், தம் மாணவரோடு சேர்ந்து உடலின் உறுப்புகளுக்கும் நோய்களுக்கும் தமிழ்ச் சொற்களைத் தேடித் தேடி ஆக்கினார். உடலுக்குச் சொல் தந்த அம்மரபு, உடலுக்குள் இருந்து துன்புறும் மனிதரின் அனுபவத்துக்குச் சொல் தேடும் பணியை நமக்கு விட்டுச் சென்றது. நாமோ ஆங்கில வினாக்கொத்தை வரிக்கு வரி பெயர்த்துக்கொண்டிருக்கிறோம். றொனால்ட் மெல்சாக் 1975இல் வெளியிட்ட மக்கில் வலி வினாக்கொத்தில் 78 சொற்கள் 20 தொகுதிகளில் அடுக்கப்பட்டுள்ளன. அவை ஆங்கிலம் பேசும் நோயாளருக்கானவை. யாழ்ப்பாணத்துக் கிழவிக்கு உடம்பு ‘வலிப்பதில்லை’, ‘நோகும்’. கால் உளையும், முதுகு கடுக்கும், கண் எரியும், நெஞ்சு அடைக்கும். அகராதியிலிருந்து பெயர்த்த சொல்லை அவர் முன் நீட்டி, அவர் விழிப்பதைக் கண்டு ‘பதிலளிக்க மறுத்தார்’ என்று குறித்துக்கொள்வதற்குப் பெயர் ஆராய்ச்சியா?

செய்யவேண்டியவை கடினமானவையல்ல. ‘ஒத்துழைக்கவில்லை’ என்ற தீர்ப்பை நோயாளியின் சீட்டில் எழுதாமல், ‘மூன்று நாள் மாத்திரை எடுக்கவில்லை, தலை சுற்றுவதாகச் சொல்கிறார்’ என்று நடந்ததை எழுதட்டும். அளவுகோலைத் தமிழாக்குபவர்கள் நோயாளர் தம் வாயால் சொல்லும் சொற்களிலிருந்து தொடங்கட்டும். மாணவரின் ஆய்வை மேற்பார்வை செய்யும் பேராசிரியர்கள், மாதிரி எத்தனை பேர் என்று கேட்பதற்கு முன்னர், ‘நீ எண்ணப்போவது என்ன? அந்தப் பெயர் யார் வைத்த பெயர்?’ என்று கேட்கட்டும். இதற்குப் புதிய கட்டடமோ வெளிநாட்டு நிதியோ வேண்டியதில்லை. கட்டிலருகே ஒரு கதிரையும், குறுக்கிடாமல் கேட்கும் செவியும் போதும்.