மாஸ்லோவின் கீழ்ப்படியில் யாரை இருத்தி வைத்திருக்கிறோம்?

முகாமைத்துவத்தை ஒரு பாடமாக எடுத்த எல்லாருக்கும் இந்தப் பரீட்சைக் கேள்வி பழக்கம்: ஊக்கப்படுத்தலின் உள்ளடக்கக் கோட்பாடுகளையும் செயன்முறைக் கோட்பாடுகளையும் ஒப்பிடுக. நடுவில ஒரு கோடு போடுவோம். இடப்பக்கம் மாஸ்லோ, ஹேர்ஸ்பேர்க். வலப்பக்கம் வ்ரூம், அடம்ஸ். முதல் இருவரும் ஊழியரை 'எது' உந்துகிறது என்று கேட்டார்கள், மற்ற இருவரும் 'எப்படி' உந்துகிறது என்று கேட்டார்கள். இவ்வளவும் எழுதினால் புள்ளி வரும். எங்கட சண்டை அந்தக் கோட்டோடுதான். இரண்டு பக்கமும் சமம் என்பதுபோல அது நிற்கிறது. வேலை செய்கிறவரின் பக்கத்தில் நின்று பார்த்தால் சமம் இல்லை.

மாஸ்லோ தன் கட்டுரையை எழுதியது 1943இல். படிகள் கறாரானவை அல்ல என்று அவரே சொல்லியிருந்தார். ஆனால் வகுப்பறைக்கு வந்து சேர்ந்தது ஒரு முக்கோணம்: முதலில் வயிறு, பிறகு பாதுகாப்பு, மதிப்பெல்லாம் மேலே. 'தோட்டத்து ஆக்களுக்குக் காசு மட்டும்தான் தேவை' என்ற பேச்சுக்கு இது நல்ல வசதி. அந்தக் கட்டுரைக்கு மூன்று வருடம் முன்பு, 1940 ஜனவரியில், முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தது. பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். அங்கே சம்பளமும் சங்கம் வைக்கும் உரிமையும் ஒரே மூச்சில் கேட்கப்பட்டன. வயிறு நிறையட்டும், மரியாதையைப் பிறகு பார்ப்போம் என்று யாரும் காத்திருக்கவில்லை.

ஹேர்ஸ்பேர்க்கின் 1959 ஆய்வு, சம்பளம் அதிருப்தியைக் குறைக்குமே தவிர ஊக்கம் தராது என்றது. அவர் பேட்டி கண்டது பிற்ஸ்பேர்க் பக்கத்துப் பொறியியலாளர்களையும் கணக்காளர்களையும். மாதச் சம்பளக்காரரின் பதிலை நாட்சம்பளக்காரருக்கும் பொருத்துவது என்ன நியாயம்?

இனி வலப்பக்கம். வ்ரூம் (1964) மூன்று கேள்வி வைக்கிறார். முயன்றால் இலக்கை எட்டலாமா? எட்டினால் சொன்னது கிடைக்குமா? கிடைப்பது எனக்குப் பெறுமதியானதா? மூன்றையும் பெருக்க வேண்டும்; ஒன்று பூச்சியமானால் எல்லாம் பூச்சியம். இதை 2016 கூட்டு ஒப்பந்தத்தில் வைத்துப் பாருங்கள். நாளொன்றுக்கு அடிப்படை 500 ரூபா, வருகைக்கு 60, உற்பத்தித்திறனுக்கு 140, விலைப்பங்கு 30. மொத்தம் 730 என்று விளம்பரம். வெயில் காலத்தில் செடியில் கொழுந்தே இல்லாதபோது, கை எவ்வளவு ஓடினாலும் கிலோ நிறையாது. முதல் கேள்விக்கே விடை பூச்சியம். 140 ரூபாவை ஊக்குவிப்பு என்று அழைத்தார்கள். வானம் பார்த்துக் கிடைக்கும் காசுக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

2019இல் வருகைக் கொடுப்பனவும் உற்பத்தித்திறன் கொடுப்பனவும் நீங்கின. அடிப்படை 700 ஆனது, விலைப்பங்கோடு மொத்தம் 750. அடிப்படைச் சம்பளமாகவே 1000 ரூபா கேட்டுத் தெருவில் நின்றவர்களின் மொத்தத்தில் கூடியது 20 ரூபா. அவர்கள் ஏன் 'அடிப்படை' என்ற சொல்லில் பிடிவாதமாக நின்றார்கள் என்பதை மாஸ்லோவின் முக்கோணம் விளக்காது. வ்ரூம் விளக்குவார்: நிபந்தனை போட்ட காசை நம்ப முடியாது. அடம்ஸும் விளக்குவார்: நான் போடும் உழைப்பையும் பெறும் கூலியையும், மற்றவர் போடுவதோடும் பெறுவதோடும் ஒப்பிட்டுத்தான் நியாயத்தை அளக்கிறேன்.

'செயன்முறைக் கோட்பாடும் முகாமையாளருக்காக எழுதினதுதானே?' என்று கேட்பீர்கள். உண்மைதான். இலக்கும் வெகுமதியும் வைத்து ஆளை ஓட வைக்கவும் அது உதவும். ஆனால் அதன் கேள்விகளைத் திருப்பிப் பிடிக்கலாம். உள்ளடக்கக் கோட்பாடு தொழிலாளியிடம் என்ன குறை என்று தேடுகிறது. செயன்முறைக் கோட்பாடு கொம்பனி வைத்த இலக்கு எட்டக்கூடியதா, கொடுத்த வாக்கு நம்பத்தக்கதா, பங்கு நியாயமானதா என்று கேட்க இடம் விடுகிறது.

ஆகவே அடுத்த விரிவுரையில் அந்த முக்கோணம் திரையில் வரும்போது நாங்கள் கை உயர்த்துவோம். கீழ்ப்படியில் யார் நிற்கிறார்கள், அவர்களை அங்கே வைத்தது யார் என்று கேட்போம். புள்ளி குறைந்தால் குறையட்டும்.