இனி எந்த ஃபைலுக்கும் ‘ஃபைனல்’ என்று பெயர் வைக்க மாட்டோம்

பாட்டுப் பதிவு செய்து பிழைப்பவர்கள் நாங்கள். எங்களில் சிலருக்கு ஏசி போட்ட ஸ்டூடியோ இருக்கிறது. பலருக்குப் படுக்கையறையின் ஒரு மூலையும், மெத்தையைச் சாய்த்து வைத்த ஒரு சுவரும்தான் ஸ்டூடியோ. சவுண்ட் இன்ஜினியர், கீபோர்டு புரோகிராமர், அரேஞ்சர், ட்ராக் பாடுபவர், நண்பனின் குறும்படத்துக்குப் பின்னணி இசை போடும் கல்லூரி மாணவர் எனப் பலரும் இதில் சேர்ந்திருக்கிறோம். எங்கள் கம்ப்யூட்டர்களில் சேவ் ஆகிக் கிடக்கும் ப்ராஜெக்ட்களுக்கு இன்று முதல் நாங்களே பொறுப்பு என்று அறிவிக்கிறோம். பத்து வருஷம் கழித்து, பதிவு செய்தவர் பக்கத்தில் இல்லாதபோதும், வேறொருவர் உட்கார்ந்து திறந்தால் அந்தப் பாட்டு திறக்க வேண்டும். இதுதான் எங்கள் கொள்கை. கீழே வருவதெல்லாம் அதற்கான வழி.

இதை எழுதும் வேலையை என்னிடம் கொடுத்ததற்குக் காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு பக்தி ஆல்பத்துக்காக வயதான நாகஸ்வர வித்வான் ஒருவரைப் பதிவு செய்தேன். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ரயிலேறி விடியற்காலையில் வந்து இறங்கினார். சீவாளியை வாயில் வைத்து ஈரப்படுத்திக்கொண்டே, மைக் எங்கே என்று கண்ணால் கேட்டார். காலையில் மல்லாரி, மூன்று டேக். சாப்பாட்டு நேரத்தில் என் டிஸ்க்கில் இடம் குறைந்துகொண்டே வருவது தெரிந்தது. கூட இருந்த நண்பரின் ஹார்டு டிஸ்க்கைச் செருகி, இனி அதில் பதிவாகட்டும் என்று மாற்றி வைத்தேன். மதியம் அவர், ஆல்பத்துக்குத் தேவையே இல்லாத ஒரு வேலையைச் செய்தார். “இந்த ரூம்ல நல்லா கேக்குது தம்பி” என்று சொல்லிவிட்டுத் தோடியை எடுத்தார். இருபது நிமிஷத்துக்கு மேல் போயிற்று. நிறுத்தச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. சாயங்காலம் அவர் ஊருக்குக் கிளம்பினார். நண்பர் தன் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அதன்பிறகு அந்த ப்ராஜெக்டை எப்போது திறந்தாலும், சில ஃபைல்களைக் காணோம் என்று ஒரு சின்னக் கட்டம் வரும். மல்லாரி ஓடியது, ஆல்பத்துக்கு அது போதும். ஒவ்வொரு முறையும் அந்தக் கட்டத்தை மூடிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

வித்வான் இறந்த பிறகு அவர் மகன் போன் செய்தார். “அண்ணா, அப்பா அன்னிக்கு தோடி வாசிச்சாராமே, அது மட்டும் கிடைக்குமா? காரியத்தன்னிக்குப் போடலாம்னு அம்மா சொல்றாங்க.” திறந்து பார்த்தேன். தோடி இருந்த இடத்தில் ஒரு வெற்றுப் பட்டை மட்டும் நீளமாகக் கிடந்தது. நீளம் சரியாக இருந்தது. ‘ஆடியோ 1_14’ என்ற பெயரும் இருந்தது. உள்ளே ஒலி அலையின் கோடு ஒன்றுகூட இல்லை. நண்பரின் டிஸ்க்கை ஒரு கல்யாண வீடியோவுக்காக எப்போதோ ஃபார்மட் செய்திருந்தார்கள். மல்லாரி சாமி புறப்பாட்டுக்கு வாசிப்பது, காரிய வீட்டுக்கு உரியதல்ல. இருந்தாலும் அதைத்தான் என்னால் அனுப்ப முடிந்தது. “பரவால்லண்ணா” என்றார் மகன்.

அன்றைய பதிவின் கணக்கு இது: ஒரு மைக், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ஒரு நிமிஷத்துக்கு 8.64 எம்பி. இருபது நிமிஷத் தோடி 173 எம்பிதான். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு சின்ன வீடியோ அதைவிடப் பெரிதாக இருக்கும். அதை நகலெடுத்து என் டிஸ்க்கில் போட ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

தொழிலில் பல வருஷம் இருப்பவர்களே மறந்துவிடும் ஒரு விஷயத்தை இங்கே பச்சையாக எழுதி வைக்கிறோம். ப்ராஜெக்ட் ஃபைலுக்குள் பாட்டு இருப்பதில்லை. எந்த ஒலி எந்த ஃபோல்டரில் இருக்கிறது, எத்தனையாவது நொடியில் தொடங்க வேண்டும், எங்கே வெட்டியிருக்கிறது, எவ்வளவு சத்தம், எந்த ப்ளகின் என்ற குறிப்புகள்தான் அதில் இருக்கின்றன. ரீப்பர் என்ற பதிவு மென்பொருளின் ப்ராஜெக்ட் ஃபைல் வெறும் எழுத்தால் ஆனது. அதை நோட்பேடில் திறந்தால் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஒலி இருக்கும் இடத்தின் முகவரி வரிவரியாகத் தெரியும். ப்ரோ டூல்ஸ், கியூபேஸ் போன்ற மற்ற மென்பொருள்களில் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் சங்கதி அதேதான். டிஸ்க் மாறினால், ஃபோல்டர் நகர்ந்தால், முகவரி பொய்யாகிவிடும்.

இதே மறதியால் இன்னொரு ஏமாற்றமும் நடக்கிறது. ப்ரோ டூல்ஸ் தானாகவே சில நிமிஷத்துக்கு ஒருமுறை செஷனை, அதாவது ப்ராஜெக்ட் ஃபைலை, நகலெடுத்து ‘செஷன் ஃபைல் பேக்கப்ஸ்’ என்ற ஃபோல்டரில் போட்டு வைக்கும். அந்தப் பெயரைப் பார்த்து, பேக்கப் இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்கியவர்கள் எங்களில் பலர். அந்த ஃபோல்டரில் இருப்பவை குறிப்புச் சீட்டின் நகல்கள். பத்து நகல் இருந்தாலும் அவற்றில் ஒரு நொடி நாகஸ்வரம்கூடக் கிடையாது.

டேப் இருந்த நாட்களில் இப்படித் தொலைந்ததில்லை. இரண்டு அங்குல டேப்பில் 24 ட்ராக். டேப் பெட்டிக்குள் ட்ராக் ஷீட் என்று ஒரு காகிதம் இருக்கும். முதல் ட்ராக்கில் தபலா, ஏழிலும் எட்டிலும் வயலின்கள், பதினைந்தில் குரல், எந்த டேக் ஓகே, டேப் ஓடிய வேகம் 15 அங்குலமா 30 அங்குலமா என்று உதவியாளர் கைப்பட எழுதியிருப்பார். டேப்புக்கும் பூஞ்சை பிடிக்கும், ஒட்டிக்கொள்ளும், அது வேறு சங்கடம். ஆனால் பெட்டியைத் திறந்தவனுக்கு உள்ளே இருப்பது என்னவென்று தெரியும். கம்ப்யூட்டர் வந்ததும், எல்லாம்தான் திரையில் தெரிகிறதே என்று அந்தக் காகிதத்தை விட்டுவிட்டோம். நாங்கள் செய்த பெரிய தவறு அதுதான் என்று நினைக்கிறேன். அந்தக் காகிதத்தைத் திரும்பக் கொண்டுவருகிறோம். ஒவ்வொரு ப்ராஜெக்ட் ஃபோல்டரிலும் ஒரு எழுத்துக் குறிப்பு இருக்கும்: பாட்டு, தேதி, யார் பாடினார், யார் வாசித்தார், சுருதி, டெம்போ, எந்த மென்பொருள், அதன் எந்தப் பதிப்பு, ஓகே டேக் எது. எழுத ஐந்து நிமிஷம் போதும்.

ரெக்கார்டு பட்டனை அழுத்தும் முன் ட்ராக்குக்குப் பெயர் வைப்போம். இது சின்ன விஷயமாகத் தெரியலாம், எனக்கு இதுதான் தலையாயது. பெயர் வைக்காத ட்ராக்கில் பதிவானால் ஃபைல் ‘ஆடியோ 1_01’, ‘ஆடியோ 1_02’ என்றுதான் டிஸ்க்கில் போய் உட்காரும். ‘நாகஸ்வரம்’ என்று முதலிலேயே தட்டிவிட்டால் அந்த ஒலி எந்த டிஸ்க்கில் போய் அநாதையாகக் கிடந்தாலும் தன் பெயரைத் தானே சொல்லும். ‘ஆடியோ 1_14’ என்ற ஃபைலைப் பார்த்தால் யார்தான் தயங்காமல் அழிக்க மாட்டார்கள்?

தலைப்பில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் நியூ’, ‘ஃபைனல் கரெக்‌ஷன்’, ‘ஃபைனல் டைரக்டர் ஓகே’. இந்த நான்கில் எது கடைசி? பாட்டு வெளியான வாரத்தில்கூடப் பதில் தெரியாது. இனி எங்கள் ஃபைல் பெயர் தேதியில் தொடங்கும்: முதலில் வருஷம், பிறகு மாதம், பிறகு நாள். 2024-11-03 என்று எழுதினால் கம்ப்யூட்டர் தானாகவே கால வரிசையில் அடுக்கிவிடும். நாம் பழகிய முறையில் 3-11-2024 என்று எழுதினால் எல்லா மாதத்து மூன்றாம் தேதிகளும் ஒன்றாகப் போய் நின்றுகொள்ளும். பழைய ப்ராஜெக்டின் மேல் புதியதை சேவ் செய்யவும் மாட்டோம். “போன செவ்வாய்க்கிழமை ஒரு இன்டர்லூட் போட்டீங்களே, அதுதான் நல்லா இருந்தது” என்று யாராவது கேட்டே தீருவார்கள்.

வேலை முடிந்த அன்றே, சிதறிக் கிடக்கும் ஒலிகளை ஒரே ஃபோல்டருக்குள் கூட்டுவோம். இதற்கான வசதி பெரும்பாலான மென்பொருள்களில் இருக்கிறது. கியூபேஸில் ‘பேக்அப் ப்ராஜெக்ட்’, ஏபிள்டன் லைவில் ‘கலெக்ட் ஆல் அண்ட் சேவ்’. ப்ரோ டூல்ஸில் ‘சேவ் காப்பி இன்’, ஆனால் அதில் ஆடியோ ஃபைல்கள் என்ற கட்டத்தையும் டிக் செய்தால்தான் ஒலி கூட வரும். அன்று மாலை நான் இதைச் செய்திருந்தால் தோடி என் டிஸ்க்கில் இருந்திருக்கும்.

இத்தனை செய்தாலும் மென்பொருளே மறைந்துபோனால் என்ன செய்வது? இது வெறும் கற்பனைப் பயம் இல்லை. 2002-ல் ஆப்பிள், லாஜிக் என்ற பதிவு மென்பொருளைத் தயாரித்த நிறுவனத்தை வாங்கியதும் அதன் விண்டோஸ் பதிப்பை நிறுத்தியது. 2019-ல் வந்த மேக் ஓஎஸ் கேட்டலினாவில் 32 பிட் ப்ளகின்கள் எல்லாம் ஒரேயடியாக ஊமையாயின. அதுவும் தவிர, எங்களில் பலர் காசு கொடுக்காமல் இறக்கிய ப்ளகின்களை வைத்து வேலை செய்திருக்கிறோம். அவை அடுத்தவர் மெஷினில் இருக்காது. 1991-ல் வந்த வேவ் என்ற ஒலி ஃபைல் வடிவமோ இன்றும் எங்கும் திறக்கிறது. ஆகவே பாட்டு முடிந்ததும் ஒவ்வொரு ட்ராக்கையும், ப்ளகின் போட்டதையும் போடாததையும், பாட்டின் முதல் நொடியிலிருந்து தொடங்கும்படி வேவாக எடுத்து வைப்போம். எல்லாம் ஒரே இடத்தில் தொடங்கினால், எந்த மென்பொருளில் இழுத்துப் போட்டாலும் சரணத்துக்கு வாசித்த தபலா சரணத்தில்தான் வந்து விழும்.

நகல்களைப் பொறுத்தவரை, புகைப்படக்காரர் பீட்டர் க்ரோக் சொன்ன கணக்கை ஏற்கிறோம்: மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், அவற்றில் ஒன்று வேறு இடத்தில். வேறு இடம் என்றால் அடுத்த அறை இல்லை. 2015 டிசம்பரில் சென்னையில் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது, ஒரே மேசையில் இருந்த டிஸ்க்கும் அதன் பேக்கப்பும் சேர்ந்தேதான் நனைந்திருக்கும்.

தயாரிப்பாளர்களிடமும் ஒன்று கேட்கிறோம். இந்த வேலைக்கு ஒரு பாட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும். அதையும் கால்ஷீட்டில் சேருங்கள். பாட்டின் உரிமை யாருக்கு என்பதை ஒப்பந்தம் சொல்லட்டும். ஒலி இருக்கிறதா இல்லையா என்பதற்கு நாங்கள் பொறுப்பேற்கிறோம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை, ஒவ்வொருவரும் அலமாரியில் கிடக்கும் பழைய டிஸ்க்குகளை எடுத்துக்கொண்டு வாருங்கள். மார்க்கரும் ஒட்டுச் சீட்டும் நான் கொண்டுவருகிறேன். ஒவ்வொரு ப்ராஜெக்டாகத் திறப்போம். ஃபைல் காணோம் என்று கட்டம் வந்தால் மூடாமல், கிடைக்கிற வரை தேடுவோம். என் டிஸ்க்கில் அந்த மல்லாரியின் மூன்று டேக்குகள் இருக்கின்றன, இன்னும் ‘ஆடியோ 1_09’, ‘10’, ‘11’ என்ற பெயர்களில்தான். ஃபோல்டருக்குள் போய் நேரடியாகப் பெயரை மாற்றினால் ப்ராஜெக்ட் அவற்றையும் தொலைத்துவிடும், அதனால் மென்பொருளுக்குள்ளிருந்தே மாற்ற வேண்டும். அவற்றுக்கு அந்த வித்வானின் பெயரை வைப்பதிலிருந்து வேலையைத் தொடங்குகிறேன்.