'பழசை எதுக்குக் கிளறணும்?': காஞ்சிப் பட்டு சொல்லாத ஒரு கதை

காஞ்சிபுரம் பட்டுச் சேலையில் பலரும் முதலில் பார்ப்பது கரையைத்தான். உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம். இரண்டையும் கோர்வை முறையில் இணைத்து நெய்வதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். கைத்தறியில் நெசவாளர் ஒருவரால் தனியாக இதைச் சமாளிப்பது கஷ்டம். பக்கத்தில் உட்கார்ந்து நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் தேவை. ஒரு காலத்தில் பல தறிகளில் அந்த 'இன்னொரு ஆள்' ஒரு குழந்தை.

பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகப் பட்டுத் தொழிலில் சிக்கிய குழந்தைகள் பற்றி, ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003-ல் விரிவான அறிக்கை வெளியிட்டது. அதில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது 1986-ல். அதற்குப் பிறகும் இது நடந்தது. இன்று நிலைமை வெகுவாக மாறியிருக்கிறது. ஆனால், அன்று பத்து வயதில் தறியில் உட்கார்ந்தவர்களுக்கு இப்போது வயது முப்பதைத் தாண்டிவிட்டது. அவர்கள் நம்மிடையேதான் இருக்கிறார்கள்.

இந்தப் பேச்சை எடுத்தால், 'அதெல்லாம் முடிஞ்சு போச்சு, பழசை எதுக்குக் கிளறணும்?' என்று கேட்பது சுலபம். நல்லெண்ணத்தில்கூட அப்படிக் கேட்கலாம். ஆனால், மனசு அப்படி வேலை செய்வதில்லை.

மறப்பது வேறு, அமுக்குவது வேறு

பயன்படுத்தாத தகவல் தானாகத் தேய்ந்துபோவது இயல்பான மறதி. ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எப்பிங்ஹாஸ் 1885-லேயே இதை அளந்து காட்டினார். ஒரு ஞாபகத்தை வேண்டுமென்றே அமுக்கிவைப்பது வேறு விஷயம். அதற்கு உழைப்பு தேவை.

1987-ல் அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் குழுவினர் செய்த பரிசோதனை பிரபலமானது. 'ஐந்து நிமிஷம் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைப்பு வந்தால் மணி அடியுங்கள்' என்றார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு 'இப்போது நினைக்கலாம்' என்றதும், ஆரம்பத்திலேயே நினைக்க அனுமதி பெற்றவர்களைவிட இவர்களுக்குக் கரடி அதிகமாக வந்தது.

அமுக்குவது எப்போதும் தோற்றுப்போகும் என்று சொல்லிவிடவும் முடியாது. வார்த்தை ஜோடிகளை வைத்து மைக்கேல் ஆண்டர்சனும் காலின் கிரீனும் 2001-ல் நடத்திய ஆய்வில், திரும்பத் திரும்பத் தவிர்க்கப்பட்ட வார்த்தைகள் கொஞ்சம் மங்கின. ஆனால் பரிசோதனைக்கூடத்தில் படித்த வார்த்தை ஒன்று. முதுகு வலிக்க உட்கார்ந்த குழந்தைப் பருவம் வேறொன்று. கடுமையான அனுபவங்களைப் பெரும்பாலானோர் மறப்பதில்லை, நினைக்காமல் தவிர்க்கத்தான் பார்க்கிறார்கள். ஒரு சத்தம், ஒரு வாசனை போதும், எல்லாம் திரும்பி வர.

ஓர் ஊர் எப்படி மறக்கிறது?

தனி மனிதர் மறக்கச் சிரமப்படுவதை ஒரு ஊர் சுலபமாக மறந்துவிடுகிறது. இதற்கும் உளவியலில் ஒரு விளக்கம் உண்டு. வில்லியம் ஹர்ஸ்ட் குழுவினர் 2007-ல் வெளியிட்ட ஆய்வு இது: ஒரு கதையின் சில பகுதிகளை மட்டும் எடுத்துப் பேசும்போது, அதோடு ஒட்டியிருக்கும் பேசப்படாத பகுதிகள் மங்குகின்றன. பேசுபவருக்கு மட்டுமல்ல, கேட்பவருக்கும்.

இது சிறு பரிசோதனைகளில் கண்டது. ஆனாலும் காஞ்சிபுரத்தோடு பொருத்திப் பார்க்கத் தோன்றுகிறது. ஜரிகை, முகூர்த்தம், பாரம்பரியம், 2005-06-ல் கிடைத்த புவிசார் குறியீடு என்று விளம்பரமும் ரீல்ஸும் சேர்ந்து ஒரே கதையைச் சொல்கின்றன. அதில் எதுவும் பொய் இல்லை. தறியில் பக்கத்தில் உட்கார்ந்த அந்தக் குழந்தை மட்டும் கதையில் இல்லை.

ஆக, 'மறந்துடு' என்ற அறிவுரையால் யாருக்கு நிம்மதி? பட்டு வாங்குபவருக்கு, விற்பவருக்கு, ஊர்ப் பெருமை பேசுபவருக்கு. அமுக்கிவைக்கும் உழைப்பு மட்டும் தறியில் உட்கார்ந்தவருடையது. ஏற்கெனவே கூலி சரியாகக் கிடைக்காத உழைப்போடு இன்னொரு உழைப்பு.

இழுத்து வெளியே போடுவதும் தப்பு

அதற்காக ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, மைக்கை நீட்டி, 'சொல்லுங்க, என்ன நடந்துச்சு?' என்று தோண்டுவது தீர்வல்ல. நடக்காத சம்பவம்கூட நடந்ததுபோல ஞாபகத்தில் பதியலாம் என்று எலிசபெத் லாஃப்டஸின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கேள்வி கேட்கும் விதமே ஞாபகத்தை மாற்றும். பேசுவதா, பேசாமல் இருப்பதா என்பது சம்பந்தப்பட்டவரின் முடிவு.

இதற்கு ஒரு நல்ல உதாரணம் அதே ஊரில் இருக்கிறது. வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்துக்குள் இருக்கும் அத்தி வரதர் 40 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வெளியே வருகிறார். 1979-க்குப் பிறகு 2019-ல் 48 நாள் தரிசனம், அடுத்தது 2059. இடையில் அவரை யாரும் மறப்பதில்லை. தண்ணீருக்கடியில் இருப்பது எல்லோருக்கும் தெரியும். வெளியே எடுக்க ஒரு நேரம், ஒரு இடம், பார்க்கக் கூட்டம், பிறகு மரியாதையோடு திரும்ப வைப்பது என எல்லாவற்றுக்கும் முறை இருக்கிறது. வலிக்கும் ஞாபகத்துக்கும் இப்படி ஓர் ஏற்பாடு தேவை. தினமும் வெளியே வைக்க வேண்டியதில்லை. இல்லவே இல்லை என்று சொல்லாமல் இருந்தால் போதும்.

தனி மனிதர்களுக்கு அந்த இடம் ஒரு நண்பராக இருக்கலாம், மனநல ஆலோசகராக இருக்கலாம். டெலி மானஸ் எண் 14416-ஐ எந்த நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

ஊருக்கு அந்த இடத்தை மற்றவர்கள்தான் உருவாக்க வேண்டும். பட்டுக் கண்காட்சிகளிலும் பாடப் புத்தகங்களிலும் கடைகளின் 'எங்கள் கதை' பக்கங்களிலும் கோர்வையைப் பற்றி எழுதும்போது, இரண்டாவது ஆளாக அன்று யார் உட்கார்ந்தார்கள் என்று ஒரு வரி சேர்க்கலாம். சேலையின் அழகு அதனால் குறையாது. அன்று அங்கே உட்கார்ந்தவர், தன் ஞாபகத்தைத் தனியாகச் சுமக்க வேண்டிய கட்டாயம் கொஞ்சம் குறையும்.