தண்ணீர்ப் பீப்பாயடியில் பிறந்த சொல்

பண்ணைக்காட்டில் காபிப் பழம் பறிக்கும் பெண்களுக்கும், திருப்பூர் பனியன் கம்பெனித் தொழிலாளிக்கும் 'குழாயடிப் பேச்சு' என்றால் என்னவென்று நாம் விளக்க வேண்டியதில்லை. ஊர்ஜிதமாகாத செய்திக்கு இங்கிலீஷில் வழங்கும் ஒரு சொல்லும் தண்ணீரண்டையில் பிறந்ததுதான்.

'ஸ்கட்டில்பட்' என்பது அச்சொல். பாய்க்கப்பல் காலத்தில் மேல்தளத்தில் குடிதண்ணீர்ப் பீப்பாய் இருக்கும். 'பட்' என்றால் பீப்பாய். 'ஸ்கட்டில்' என்றால் தண்ணீர் மொள்ள அதில் வெட்டிய துளை. மாலுமிகள் அங்கே கூடுவார்கள். கப்பல் எங்கே போகிறது, கரை எப்போது தட்டும் என்பதெல்லாம் மேலதிகாரிகளுக்கே வெளிச்சம். சொல்லாததைக் கீழே உள்ளவர்கள் ஊகித்தார்கள், ஊகம் செய்தியாயிற்று. பீப்பாயின் பெயரே அந்தச் செய்திக்கும் பெயராயிற்று.

ஆஸ்திரேலியாவில் 'ஃபர்ஃபி' என்பார்கள். ஷெப்பர்டன் நகரத்தில் ஜான் ஃபர்ஃபி என்பவரின் பட்டறை செய்த தண்ணீர் வண்டிகள், முதல் உலக யுத்தத்தின்போது ராணுவ முகாம்களுக்குப் போயின. வண்டிக்காரன் தண்ணீரோடு செய்தியும் கொண்டுவந்தான். பட்டறைக்காரர் பாவம், ஒரு பொய்யும் சொன்னவரல்ல. வண்டியில் அவர் பெயர் பெரிதாக எழுதியிருந்தது, அவ்வளவுதான்!

நம் 'வதந்தி'க்கு மூலம் வடமொழிக் 'கிம்வதந்தி'. 'என்ன சொல்கிறார்கள்?' என்று பொருள். சொல்கிறவன் யார் என்ற கேள்வி அதில் இல்லை. அங்கேதான் ஆபத்து. குழாயடியிலாவது, "உனக்கு யாரம்மா சொன்னது?" என்று முகத்துக்கு நேரே கேட்கலாம். கைபேசியில் வரும் படத்தை யாரிடம் கேட்பது?

2023 மார்ச்சில் நடந்ததைப் பாருங்கள். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று படங்கள் பரவின. வேறு தகராறுகளில் எடுத்த படங்கள் அவை. போலீஸ் மறுத்தது. பீகார் அரசின் குழுவே நேரில் வந்து விசாரித்தது. ஆனால் அதற்குள் எத்தனையோ பேர் பயந்து ரயிலேறிவிட்டார்கள். ஹோலிப் பண்டிகைக்குப் போனவர்கள் யார், உயிருக்குப் பயந்து போனவர்கள் யார் என்று பிரித்தறியவே முடியவில்லை. போன நாட்களின் கூலியை யார் கொடுப்பார்கள்? பக்கத்துத் தறியில் நிற்பவனைக் கொலைகாரனென்று நினைக்கும் தொழிலாளி, அவனோடு சேர்ந்து எப்படிக் கூலி உயர்வு கேட்பான்?

அப்போது திருப்பூரில் ஹிந்தி தெரிந்தவர்களை வைத்து உதவித் தொலைபேசி ஏற்பாடு செய்தார்கள். நல்ல காரியம், ஆனால் புரளி கிளம்பிய பிறகு வந்தது. வடக்கத்தித் தொழிலாளிகள் வேலை செய்யும் ஆலை வாசல்களில் சங்க நோட்டீசை ஹிந்தியிலும் அச்சடித்துக் கொடுக்க வேண்டும். அதற்கு இன்னொரு புரளி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.