கோடையில் ஒரு நாள் ஊர் பார்க்கப் போகலாம்

கோடை வந்துவிட்டால் பட்டணத்துக்காரர்கள் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் புறப்பட்டு விடுகிறார்கள். கூட்டம் தாங்காமல் 2024 மே 7 முதல் அவ்விரு ஊர்களுக்கும் வண்டியில் போக இ-பாஸ் வேண்டும் என்று உயர் நீதிமன்றமே உத்தரவிட நேர்ந்தது. சிறு விவசாயியோ, "நமக்கெதற்கு அந்தச் செலவு?" என்று ஊரிலேயே இருந்துவிடுகிறார். ஊர் பார்க்கப் போவது வசதி படைத்தவர்களுக்கே உரியது என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது.

இந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். விருத்தாசலம் வட்டாரத்து விவசாயி காலையில் புறப்பட்டு இரவுக்குள் வீடு திரும்பக்கூடிய தூரத்திலேயே, விஞ்ஞானிகள் தேடி வந்து பார்க்கும் இயற்கை அதிசயங்கள் இருக்கின்றன. அவற்றை வேடிக்கையாக மட்டுமன்றி விவசாயியின் கண்ணோடு பார்த்தால், தம் சொந்த நிலத்தைப் பற்றியே பல விஷயங்கள் விளங்கும்.

கடல் இருந்த இடம்

அரியலூர், பெரம்பலூர், விருத்தாசலம், புதுச்சேரிப் பகுதிகளில் பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் பரவியிருந்தது. கே, கன்லிஃப் என்ற இரு ஆங்கிலேயர்கள் இங்கு திரட்டிய கல்லாகிப் போன சிப்பிகளையும் சங்குகளையும், எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்ற அறிஞர் ஆராய்ந்து 1846ல் அறிக்கை எழுதினார். அதில் நம் விருத்தாசலத்தின் பெயரும் இருக்கிறது. வெளிநாட்டு அறிஞர்களுக்கு அன்றே தெரிந்த சங்கதி, இங்கேயே பிறந்து வளர்ந்த நம்மில் பலருக்கு இன்னும் தெரியாது.

விருத்தாசலத்திலிருந்து அரியலூருக்கு நேராக ரயில் இருக்கிறது. அங்கு வாரணவாசியில் உள்ள அருங்காட்சியகத்தில், நத்தை போல் சுருண்ட அம்மோனைட் முதலான கடல் உயிர்களின் படிவங்களைப் பார்க்கலாம். சிமெண்ட் ஆலைகளுக்குப் போகும் சுண்ணாம்புக் கல் அந்தக் கடல் விட்டுப்போன சொத்துதான். சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் நிலக்கடலை ஏன் மஞ்சளிக்கிறது, வேளாண் அலுவலர் ஏன் அன்னபேதிக் கரைசல் தெளிக்கச் சொல்கிறார் என்பதற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும், சுண்ணாம்பு அதைப் பயிர் எடுத்துக்கொள்ள விடுவதில்லை.

கல்லான மரம்

பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் (அணை இருக்கும் சாத்தனூர் வேறு) சுமார் 60 அடி நீளமுள்ள ஒரு மரம் அப்படியே கல்லாகிக் கிடக்கிறது. வயது சுமார் 12 கோடி ஆண்டு. அந்நாளில் சாய்ந்த மரம் ஆற்று வெள்ளத்தில் கடலுக்கு அடித்துச் செல்லப்பட்டு, சேற்றில் புதைந்து, மெல்ல மெல்லக் கல்லாக மாறிவிட்டது. 1940ல் இதை வெளி உலகுக்குத் தெரிவித்தவர் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன்.

விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையிலும் கல்மரங்கள் ஏராளம். அவை சுமார் 2 கோடி ஆண்டுப் பழமையானவை. அவை கிடைக்கும் பாறை 'கடலூர் மணற்கல்' எனப்படும். நம் பகுதியில் முந்திரி நிற்கும் செம்மண் மேடுகள் பலவற்றின் அடியில் இருப்பதும் அதே பாறைதான். திருவக்கரையில் மரங்கள் கல்லாயின. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி ஆயின. அந்தக் கரிக்காக நிலம் கொடுத்தவர்கள் நம்மிலேயே உண்டு.

உப்பு நீரில் ஒரு காடு

எல்லாவற்றிலும் விவசாயி அவசியம் பார்க்க வேண்டியது சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரம். அது நமக்கு அந்நிய இடமும் அல்ல. நம் மணிமுத்தாறு கூடலையாத்தூர் அருகே வெள்ளாற்றோடு கலந்து, பரங்கிப்பேட்டையில் கடலைச் சேர்கிறது. வெள்ளாற்று முகத்துக்கும் கொள்ளிட முகத்துக்கும் நடுவே இருக்கிறது பிச்சாவரம். படகில் போனால் சுரபுன்னை மரங்கள் கால் ஊன்றியது போல் வேர்விட்டு நிற்பதையும், வெண்கண்டல் மரங்களின் மூச்சு வேர்கள் சேற்றிலிருந்து குச்சி குச்சியாக நீட்டிக்கொண்டிருப்பதையும், நண்டுகளையும், நீர்ப்பறவைகளையும் காணலாம்.

இந்தக் காட்டுக்கு ஒரு கதை உண்டு. ஆங்கிலேயர் காலம் தொட்டு, கூப்பு கூப்பாக ஏலம் விட்டு மரங்களை அடியோடு வெட்டினார்கள். மரம் போனதும் வெயில் பட்டுத் தரை வறண்டு தாழ்ந்தது. பள்ளத்தில் புகுந்த கடல்நீர் திரும்ப வழியில்லாமல் தேங்கி வற்றியது. உப்பு ஏறி, உப்பைத் தாங்கும் மரங்களே முளைக்க முடியாமல் போயிற்று. பிறகு 1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து, மீன் முள் போல் கிளை பிரியும் வாய்க்கால்களை வெட்டினார்கள். கடல்நீர் உள்ளே போய்த் திரும்பி வரத் தொடங்கியதும் உப்புக் குறைந்தது. கன்று நட்டார்கள், காடு மீண்டது.

களர் உவர் நிலம் வைத்திருப்பவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் வேறு இல்லை. உப்பு நிலத்துக்கு முதல் மருந்து வடிகால். எத்தனை கூட்டத்தில் சொன்னாலும் பதியாத இந்த விஷயம், ஒரு மணி நேரப் படகுப் பயணத்தில் பதிந்துவிடும். 2004 டிசம்பர் 26ல் சுனாமி வந்தபோது, இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்தது. மேட்டில் இருக்கும் நாம் வயலில் அளவுக்கு மீறித் தெளிக்கும் மருந்து கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது என்பதையும் அங்கே நின்று யோசிக்கலாம்.

எப்போது போவது?

"மாட்டை யார் பார்ப்பது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். முந்திரிக்கொட்டை பொறுக்கி முடிந்து, கோடை உழவும் போட்டபின், பள்ளி திறப்பதற்கு முன் கிடைக்கும் சில நாட்களில், தெருவில் பாதிக் குடும்பங்கள் ஒரு நாளும் மீதிக் குடும்பங்கள் மறுநாளும் போய்வரலாம். கட்டுச்சோறும் குடிதண்ணீரும் கையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். கத்திரி வெயிலில் கல்மரம் பார்ப்பதைக் காலை பத்து மணிக்குள் முடித்துவிடுவது நல்லது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டிப் பறவைகள் சரணாலயத்துக்குக் கோடையில் போனால் ஏமாற்றந்தான். வலசைப் பறவைகள் வருவது மழைக்காலத்துக்குப் பின். அதைத் தை மாதத்துக்கு வைத்துக்கொள்ளலாம். 2024ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த இந்த ஏரி, பாசன ஏரியும்கூட. வேடந்தாங்கலில் பறவை எச்சம் கலந்த ஏரி நீர் பயிருக்கு உரம் என்று கண்டு, ஊர் விவசாயிகளே இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பறவைகளைக் காத்து வருகிறார்கள்.

அரசு செய்ய வேண்டியது

வேளாண் துறை 'அட்மா' திட்டத்தில் விவசாயிகளைக் கண்டுணர் சுற்றுலாவுக்கு அழைத்துப் போகிறது. பண்ணைகளையும் ஆராய்ச்சி நிலையங்களையும் காட்டுகிறார்கள். அது தேவைதான். அதோடு வழியில் இருக்கும் இத்தகைய இடங்களில் ஒன்றையும் சேர்த்து, மண் பற்றி விளக்கிச் சொல்ல ஓர் அலுவலரையும் உடன் அனுப்பினால் பயன் இரட்டிப்பாகும். பெண்களும் பிள்ளைகளும் வர வழி செய்ய வேண்டும்.

நம் பங்குக்கும் கடமை உண்டு. பார்க்கப் போன இடத்தில் ஒரு துண்டுக் கல்லைக்கூட எடுத்து வரக்கூடாது. உழும்போதோ கிணறு வெட்டும்போதோ விநோதமான கல் கிடைத்தால் உடைக்காமல் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்ல வேண்டும். 2020ல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ஏரி மண் எடுத்தபோது கிடைத்த உருண்டைக் கற்களை டைனோசர் முட்டை என்று பரபரப்பாகப் பேசினார்கள். நிபுணர்கள் பார்த்த பிறகே, அம்மோனைட்டைச் சுற்றி மண் இறுகியவை என்று தெரிந்தது.

அக்கம்பக்கத்தில் இருக்கும் நமக்கே மதிப்புத் தெரியாவிட்டால் கல்மரம் ஜல்லியாகும். ஏரி குப்பை மேடாகும். அவற்றைக் காப்பாற்ற வெளியூரிலிருந்து யாரும் வரப்போவதில்லை. நிலத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் பட்டணத்துக்குப் போகத் துடிக்கும் பிள்ளையை, இந்தக் கோடையில் ஒரு நாள் சாத்தனூருக்கோ பிச்சாவரத்துக்கோ அழைத்துப் போய்க் காட்டுங்கள். ஆகும் செலவை வீண் செலவென்று யாரும் சொல்லமாட்டார்கள்.